சிகிச்சை இருக்கையில் தொடங்கட்டும்

சின்னாளப்பட்டிக் கைத்தறி நெசவாளருக்குப் பலகைதான் இருக்கை. குழிக்குள் காலை விட்டு மிதித்தபடி, பொழுது முழுக்க அதன்மேல்தான் வேலை. நாகல் நகர்ப் பூட்டுப் பட்டறையிலும் உடல் வளைந்தபடிதான் அரம் ஓடுகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்கிற கைகளுக்குப் பெருமை சேர்ந்தது. அந்தக் கைகளைத் தாங்கும் உடம்பையும் நாம் பேசியாக வேண்டும்.

பிட்டத்தில் வலி என்று சொல்லக் கூசுகிறோம். ‘சூடு’, ‘மூலம்’ என்று நாமே முடிவுகட்டி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். காரணம் தெரியாமலே வலி முற்றுகிறது.

உட்காரும்போது உடல் எடையைத் தாங்கும் எலும்புமுனையில் சிறு நீர்ப்பை உண்டு. கட்டைப் பலகையில் நெடுநேரம் அமர்ந்தால் அது வீங்கி வலிக்கும். ஆங்கில மருத்துவம் இந்த நோய்க்கு நெசவாளர் பெயரையே வைத்திருந்தது. வால் எலும்பு வலிக்கு வழுக்கி விழுதல், பிரசவம், சாய்ந்தே உட்காருதல் முக்கியக் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சுமார் 5 மடங்கு அதிகம். வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினால், நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான வால் எலும்பு வலி அறுவை சிகிச்சையின்றியே தீரும். பின்பக்கம் வெட்டுவிட்ட மெத்தை, இடையிடையே எழுந்து நடத்தல், வெந்நீர் ஒத்தடம், மலச்சிக்கலைத் தவிர்த்தல், இயன்முறைப் பயிற்சி ஆகியவையே முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் ஊசி. எலும்பை அகற்றுவது கடைசி வழி. வலி மாத்திரையை மாதக்கணக்கில் தானாக விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மலம், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், எடைக் குறைவு, வால் எலும்பருகே சீழ் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. நல்ல சட்டம். ஆனால், வீட்டுத் தறிக்கு அது எட்டாது. அதே ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வருகிறவர் நோயாளியின் இடுப்பைப் பார்ப்பதோடு, அவர் உட்காரும் பலகையையும் பார்க்கட்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தறிக்கொரு மெத்தை தரட்டும். மாதக்கணக்கில் வாங்கும் மாத்திரையைவிட அதற்குச் செலவு குறைவு, பலனோ அதிகம்.