வாயிலைத் திறந்தவர் யார்? ஹொங்கொங் டிஸ்னிலாந்தும் சுற்றுலாக் கூட்டங்களின் அரசியலும்

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஹொங்கொங் டிஸ்னிலாந்துப் பூங்காவின் வாயில்கள் மூடப்பட்டன. உள்ளே இடமில்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் வெளியே நின்றவர்களின் கைகளில் பணம் கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டுகள் இருந்தன. அவர்களில் பெருந்தொகையானோர் சீனப் பெருநிலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். வாயிலில் கூச்சலும் தள்ளுமுள்ளும் ஏற்பட்டன. சிலர் வேலியேறிக் குதித்தார்கள். சிலர் பிள்ளைகளை வேலிக்கு மேலால் தூக்கி உள்ளே கொடுத்தார்கள். பொலிஸார் அழைக்கப்பட்டனர்.

அந்தக் காட்சிகளைப் பார்த்த பலருக்கு எழுந்த முதல் எண்ணம், "பெருநிலத்துக்காரர் இப்படித்தான்" என்பது. பூங்கா திறக்கப்பட்ட 2005 செப்டெம்பர் முதலே இந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தமாகப் பேசுகிறார்கள், வரிசையில் நிற்பதில்லை, கண்ட இடத்தில் புகைக்கிறார்கள் என்று பத்திரிகைகள் படங்களோடு எழுதின.

நடந்தது என்ன என்று பார்த்தால் கதை வேறு. அன்று விற்கப்பட்ட சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் திகதி இல்லை. ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் வரலாம். நெரிசல் மிக்க நாட்களுக்கு மாத்திரம் திகதியிட்ட தனிச்சீட்டு இருந்தது. ஹொங்கொங்கின் பொது விடுமுறை முடிந்ததும் கூட்டம் குறையும் என்று நிர்வாகம் கணக்கிட்டது. ஆனால் பெருநிலத்தில் விடுமுறை அதற்குப் பின்னும் சில நாட்கள் நீடித்தது. யாருடைய வருகையை நம்பிப் பூங்கா கட்டப்பட்டதோ, அவர்களுடைய விடுமுறை நாட்காட்டியையே நிர்வாகம் சரியாகப் பார்க்கவில்லை. பின்னர் மன்னிப்புக் கேட்டது. ஆனால் மக்கள் மனதில் தங்கியது அந்த மன்னிப்பு அல்ல, வேலிக்கு மேலால் போன பிள்ளைகளின் படம்தான்.

அந்தப் பூங்கா வெறும் தனியார் வணிகமும் அல்ல. அதன் பெரும்பான்மைப் பங்கு ஹொங்கொங் அரசாங்கத்திடம் இருக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் நகரின் பொருளாதாரத்தை முடக்கியபோது, அவ்வாண்டு ஜூலையில் பெருநிலத்தவர் குழுவாக அன்றித் தனியாகவும் வந்துபோக அனுமதிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2009 முதல் அயல் நகரான ஷென்சென் வாசிகள் விரும்பிய தடவைகள் வரலாம் என்றானது. 2003இல் ஒன்றரைக் கோடியளவில் இருந்த மொத்த வருகை, 2014இல் ஆறு கோடியைத் தாண்டியது. அவர்களில் நான்கு கோடியே எழுபது இலட்சம் பேர் பெருநிலத்தவர். நகரின் சனத்தொகையோ சுமார் எழுபது இலட்சம். இந்த அனுமதிகளை வழங்குவது பெருநில அதிகாரிகள். எத்தனை பேர் வரலாம் என்று சொல்லும் உரிமை அந்த நகரில் வாழ்பவர்களுக்கு இருக்கவில்லை.

குழுக்களின் சத்தத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. மிகக் குறைந்த கட்டணத்தில், சில வேளைகளில் செலவைவிடக் குறைந்த தொகையில், பயணிகளைத் திரட்டுவார்கள். அந்த நட்டத்தைப் பயணிகளைக் கடைகளுக்கு அழைத்துச் சென்று கிடைக்கும் தரகுப் பணத்தில் ஈடுசெய்வார்கள். வழிகாட்டியின் பிழைப்பும் அந்தத் தரகில்தான். எனவே ஒரு நாளில் பல இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் குறித்த நிமிடங்கள். கொடியைத் தூக்கிப் பிடித்தபடி, ஒலிபெருக்கியில் கத்தியபடி, நாற்பது பேரை ஓட்டிச் செல்ல வேண்டும். வாழ்நாளில் முதன்முறையாக எல்லை கடந்து வந்த முதியவர் ஒருவர் கூட்டத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கூப்பிடுகிறார். பக்கத்தில் நிற்பவருக்கு அது நாகரிகக் குறைவாகக் கேட்கிறது.

2010இல், பொருட்கள் வாங்காத பயணிகளை வழிகாட்டி ஒருவர் பஸ்ஸுக்குள் வைத்து ஏசும் காணொளி வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. 2013 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனாவின் சுற்றுலாச் சட்டம் இத்தகைய மலிவுச் சுற்றுலாக்களைத் தடைசெய்தது. ஆயினும் 2015 ஒக்டோபரில், ஹொங்கொங் நகைக்கடை ஒன்றில் பொருள் வாங்குவது தொடர்பாக எழுந்த தகராறு கைகலப்பாகி, பெருநிலப் பயணி ஒருவர் உயிரிழந்தார். சத்தம் போடும் கூட்டம் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள் அந்த வியாபாரத்தின் சரக்காகவும் இருந்தார்கள்.

ஹொங்கொங் மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. குழந்தைப் பால்மா கடைகளில் தட்டுப்பாடானது. அக்கம்பக்கத்துச் சிறுகடைகள் மூடப்பட்டு நகைக்கடைகளும் மருந்துக்கடைகளும் வந்தன. கன்டனீஸ் பேசும் நகரில், மண்டரின் பேசும் வாடிக்கையாளருக்கே முதல் மரியாதை என்ற உணர்வு பரவியது. தம் மொழிக்கும் அன்றாட வாழ்வுக்கும் என்ன நடக்கப்போகிறது என்ற அச்சம் அது. ஆனால் 2012 பெப்ரவரியில் பொதுமக்கள் பணம் சேர்த்துப் பத்திரிகையில் வெளியிட்ட முழுப்பக்க விளம்பரம், வருகிறவர்களை வெட்டுக்கிளி என்றது. 2014 பெப்ரவரியில் கடைத்தெருவில் பயணிகளை நோக்கி அதே சொல்லைக் கத்தியபடி ஊர்வலம் போனார்கள்.

அந்தச் சொல் விழுந்ததும் விவாதத்தின் பொருள் மாறிவிட்டது. எத்தனை அனுமதி, யாருக்கு இலாபம் என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. மக்களைப் பூச்சி என்று அழைப்பது சரியா என்பதே முன்னுக்கு வந்தது. வாயிலைத் திறந்தவர்கள் அறிவுரை சொல்லும் இடத்தில் வசதியாக அமர்ந்துகொண்டார்கள்.

எதையாவது மாற்றியவை எண்ணிக்கையைப் பற்றிய விதிகளே. 2013 மார்ச்சில், ஒருவர் எல்லை தாண்டி எடுத்துச்செல்லக்கூடிய பால்மா 1.8 கிலோவாக மட்டுப்படுத்தப்பட்டது. 2015 ஏப்ரலில் ஷென்சென் வாசிகள் வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரமே வரலாம் என்றானது. பின்னர் பொருளாதாரம் தளர்ந்தபோது அதே வாயில் மறுபடி அகலத் திறந்தது. 2024 டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து ஷென்சென் வாசிகளுக்குப் பல தடவை வரும் அனுமதி மீண்டும் வழங்கப்படுகிறது. இந்த முறையும் நகரத்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதை எமக்கு அந்நியமானதல்ல. போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன் நின்று படம் எடுத்தார்கள். புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் தங்கியிருந்த நிலக்கீழ் வீடு, 2013இல் தகர்க்கப்படும்வரை, படையினரின் வழிகாட்டலில் பார்வையிடும் இடமாக இருந்தது. பாட்டும் சிரிப்புமாக அந்த பஸ்கள் கடந்து போனபோது, வீதியோரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்கள் எம்மவர்கள். தம் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கேற்ற அனுமதியில்லாதவர்கள். துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. அந்தச் சிரிப்பொலி எம்மவருக்கு எப்படிக் கேட்டது என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. டிஸ்னிலாந்தில் கெட்டது ஒரு விடுமுறை நாள். இங்கே கேளிக்கைப் பூங்காவாக்கப்பட்டது இறந்தவர்களின் நிலம்.

அதனால்தான் கோபம் எங்கே திரும்ப வேண்டும் என்பது எமக்கு இன்னும் முக்கியமாகிறது. அந்த பஸ்களில் வந்தவர்கள் பலர் நயினாதீவு நாகவிகாரைக்கு யாத்திரை வந்த ஏழைக் கிராமத்தவர்கள். சோற்றுப் பானையோடு வந்து, வீதியோரத்தில் சமைத்து உண்டு திரும்பியவர்கள். படையில் பிள்ளையை இழந்த பெற்றோரும் அவர்களில் இருந்திருப்பார்கள். எதைப் பார்க்க வேண்டும், எந்தக் கதையைக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. வெற்றிச் சின்னம் நாட்டியதும் துயிலும் இல்லத்தை உழுததும் அரசும் படையும். வலிகாமம் வடக்கில் மக்கள் முகாம்களில் காத்திருக்க, காங்கேசன்துறையில் தல்செவன என்ற விடுதியை நடத்தியது இராணுவம். நந்திக்கடல் ஓரத்திலும் படையினரின் விடுதி எழுந்தது. பஸ்ஸில் பாடியவரைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும்போது, விடுதியின் வருமானத்தை எண்ணுகிறவர் எம் கண்ணில் படுவதில்லை.

இப்போது வடக்குக்கு வேறு கூட்டங்களும் வரத் தொடங்கியுள்ளன. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் சேவை 2023இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஆரம்பமானது. வருகிறவர்களால் எம்மவருக்கு வேலையும் வருமானமும் கிடைக்கலாம். அதை வேண்டாமென்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. ஆனால் எந்தக் கடற்கரையை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது, தீவுகளின் நன்னீர் எத்தனை பேரைத் தாங்கும், முள்ளிவாய்க்காலுக்கு வருகிறவருக்கு அந்த மண்ணின் கதையை யார் சொல்வது என்று தீர்மானிக்கும் சபை எது? வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் நடத்தப்படவில்லை.

ஹொங்கொங் மக்கள் கூட்டம் வந்து நிறைந்த பிறகே சத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பேசியபோது வருகிறவரின் இனத்தைப் பற்றிப் பேசினார்கள். எமக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது. காணி, நீர், குத்தகை, நினைவிடம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமையை இப்போதே கேட்க வேண்டும். நாளை பஸ்கள் வந்து நின்ற பிறகு, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.