நம்பரை மாற்றினால் மெஷின் திருந்துமா?

வீட்டிலேயே சி.என்.சி. ரவுட்டர் செய்கிறவர்களுக்கு அந்த நாள் எப்படியும் வரும். வாரக்கணக்கில் அலுமினியச் சட்டத்தை அறுத்து, துளை போட்டு, மோட்டார் மாட்டி, முதல் தடவையாக ஒரு எம்.டி.எஃப். பலகையில் சின்னச் சதுரம் வெட்டுவார்கள். கூட இருக்கும் நாலு பேர் கைதட்டுவார்கள். அப்புறம் ஒரு ஆசாமி வெர்னியரை எடுத்து வைப்பார். 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சதுரம் 20.2 காட்டும்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பதுதான் அக்கிரமம். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் திறந்து, 'ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப்' என்ற இடத்தில் 80 என்று இருப்பதை 79.2 ஆக்குவார்கள். மறுபடி வெட்டினால் 19.94. "காலிபரேஷன் முடிஞ்சுது!" என்று ஆளுக்கொரு டீ சாப்பிடக் கிளம்புவார்கள்.

முடியவில்லை. மெஷின் அப்போதுதான் கெட்டுப்போனது.

அந்த 80 எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்தார்களா? ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்புகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொன்றையும் 16 ஆகப் பிரித்தால் 3200. 2 மில்லிமீட்டர் பல் இடைவெளி உள்ள பெல்ட், 20 பல் புல்லி என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகரும். 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. ஆறாங்கிளாஸ் கணக்கு. இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை.

79.2 சரியென்றால் அந்தப் புல்லிக்கு 20.2 பல் இருக்க வேண்டும். அப்படி ஒரு புல்லி எந்தக் கடையில் கிடைக்கிறது? :-)

சரி, அந்த 0.2 எப்படி வந்தது? பல நேரம் பிட்டிலிருந்துதான். 6 மில்லிமீட்டர் என்று சொல்லி வாங்கிய பிட் உண்மையில் 5.8 இருக்கும். சாஃப்ட்வேர் பாவம், 6 என்று நம்பி, பிட்டின் மையத்தைக் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி ஓட்டுகிறது. பிட்டோ 2.9 தான் தின்கிறது. பக்கத்துக்கு 0.1 மிச்சம், இரண்டு பக்கமும் சேர்த்து 0.2. சதுரம் 20 ஆக இருந்தாலும் 300 ஆக இருந்தாலும் இந்தப் பிழை அதே 0.2 தான்.

இப்போது 'சரிசெய்யப்பட்ட' மெஷினில் 300 மில்லிமீட்டர் பலகை வெட்டினால் என்ன ஆகும்? முன்பு 300.2 வந்திருக்கும். இப்போது சுமார் 297.1 வரும். 200 மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டிய இரண்டு துளைகள் 198-இல் விழும். முன்பு அவை சரியாகவே விழுந்துகொண்டிருந்தன! ஏனென்றால் பிட் எவ்வளவு பருமன் என்றாலும் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் மாறாது. பிட்டை ஒரு தரம் வெர்னியரில் அளந்து உண்மையான அளவைச் சாஃப்ட்வேரில் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்தது.

மெஷின் பிழையை ஒளித்து வைப்பதில்லை. அது எந்த மாதிரிப் பிழை என்று கேட்க ஆள்தான் இல்லை. அளவு கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால் மட்டுமே அது ஸ்டெப் கணக்கு. எல்லா அளவிலும் ஒரே பிழை என்றால் பிட்டைப் பார்க்க வேண்டும். வட்டம் வெட்டும்போது அச்சுகள் திசை திரும்பும் நாலு இடங்களில் தட்டையாகவோ சின்னப் படியாகவோ வந்தால் அது பேக்லாஷ். ஸ்க்ரூ நட்டில் ஆட்டம், அல்லது புல்லியின் கிரப் ஸ்க்ரூ லூஸ். 300-க்கு 400 செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டமும் 500 வராமல் ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் கேன்ட்ரி கோணலாக நிற்கிறது. வேலை முடிந்து தொடங்கிய புள்ளிக்குத் திரும்பாவிட்டால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. வேகத்தையும் முடுக்கத்தையும் குறைத்து, எங்காவது இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஸ்டெப்பரில் கன்ட்ரோலருக்கு இது தெரியவே தெரியாது. அனுப்பிய ஸ்டெப்பெல்லாம் போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பிட் வளைவது இன்னொரு சமாச்சாரம். வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு.

இதில் எந்த வியாதிக்கு 79.2 மருந்து?

"பெல்ட் இழுபடாதா? மலிவு லீட் ஸ்க்ரூவில் பிழையே இருக்காதா?" என்று கேட்பார்கள். இருக்கும். கொஞ்சம் திருத்தவும் வேண்டியிருக்கும். ஆனால் அது கடைசி வேலை. எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி, ஆட்டத்தை எடுத்து, கேன்ட்ரியை நேராக்கிய பிறகு, மெஷின் போகும் முழு நீளத்துக்கும் துளை போட்டு, மையத்துக்கு மையம் அளந்து செய்வது. 20 மில்லிமீட்டர் சதுரத்தை வைத்துச் செய்வது இல்லை.

இந்தப் பழக்கம் ரவுட்டரில் ஆரம்பிக்கவில்லை. லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்பிய கைதான் இங்கே 79.2 டைப் அடிக்கிறது. அங்கே மார்க் கிடைத்துவிடும். கிராஃப் நேர்கோடாக வரும். கையெழுத்தும் விழும். கருவியில் என்ன கோளாறு என்பது மட்டும் நாலு வருடம் போனாலும் தெரியாது.

மரத்துக்கு இந்தச் சலுகையெல்லாம் தெரியாது. 198-இல் விழுந்த துளையில் 200-க்கான போல்ட் ஏறாது. அதற்கு இன்டர்னல் மார்க் போடவும் ஆள் இல்லை.

ஸ்பேனரை எடுக்க வேண்டிய இடத்தில் கீபோர்டை எடுப்பவருக்கு மெஷின் எதற்கு? படம் வரைந்து சுவரில் மாட்டிக்கொள்ளலாமே. அதில் அளவு எப்போதும் சரியாகவே இருக்கும்.