அறுப்பவர் விதைநெல் தருக!



கடல் கடந்து வருகிறது படம், கைப்பேசியில் ஓடுகிறது, காசை அள்ளிக்கொண்டு பறக்கிறது! அறுவடை செய்வோர் விதைநெல் தரவேண்டாமா? கேட்டது பிரான்சு!

திரையரங்கு நுழைவுச்சீட்டுக்கு 1948-லேயே வரி விதித்து, அதைத் திரைக்கலைக்கே உரமாக்கிய நாடு அது. 2021-இல் ஆணையிட்டது: நெட்ஃபிளிக்சு போன்ற இணையவழித் திரை நிறுவனங்கள், அங்கே ஈட்டும் வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டை, பிரெஞ்சு உள்ளிட்ட ஐரோப்பியப் படைப்புகளுக்குச் செலவிடவேண்டும்!

"மக்களின் சுவையிலே அரசு தலையிடுவதா?" என்பர் சிலர். எந்தப் படத்துக்கு அங்கே தடை? எவர் கண்ணுக்குக் கட்டு? அயலார் படம் ஓடட்டும். அருகிலே அம்மண்ணின் படமும் பிறக்கட்டும் என்பதன்றோ ஆணை!

பணம் மட்டுமே பேசும் சந்தையிலே மொழி ஊமையாகும். ஊமையானபின் சுவையேது? சுதந்திரந்தான் ஏது?