கட்டிலுக்கு முந்தின வைத்தியம்

கொற்கை, ஏரல் பக்கம் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் உடனே இரண்டு பேச்சு அடிபடும்: ஹைகிரவுண்டு, கலைஞர் காப்பீடு. முதலாவது, பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டாவது, 2009-இல் கருணாநிதி ஆட்சியில் வந்த திட்டம். 2012-இல் ஜெயலலிதா அதை விரிவாக்கி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயரை மாற்றினார். ஊர் வாய் மாறவில்லை. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது.

ஆபரேஷனுக்காக வயலை ஒத்திக்கு வைத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அதனால் இந்தக் காப்பீட்டு அட்டையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நோயாளி கட்டிலில் படுத்த பிறகுதான் அது கண் திறக்கிறது. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் விழுங்க வேண்டிய சீனி மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அதில் வழியில்லை.

அந்த மாத்திரை வேறு பையிலிருந்து வருகிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரில் மொத்தமாக வாங்குகிறது. மாதிரிகள் ஆய்வகத்தில் தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து சரக்கு வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. கெட்டிக்காரத்தனமான சிக்கனம் இது. மாத்திரை அட்டையில் எந்தத் தலைவர் படமும் இல்லாததாலோ என்னவோ, மேடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காப்பீட்டின் கணக்கு வேறு. மத்திய அரசு பிரீமியத்தில் 60 சதவீதம் தருவது அதன் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள். மிச்சக் குடும்பங்களின் பிரீமியம் முழுக்க மாநிலத்தின் தலையில். ஓர் ஆபரேஷன் ஹைகிரவுண்டில் நடந்தால் காப்பீட்டுப் பணத்தில் ஒரு பங்கு அந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பி, கருவியாகவும் படுக்கையாகவும் நிற்கும். தனியாரிடம் நடந்தால் பில்லோடு போய்விடும். ஆகவே அரசு ஆஸ்பத்திரியால் முடிந்ததை அங்கேயே செய்ய ஆளும் அறையும் கொடுப்பதுதான் முதல் வேலை என்பது என் கட்சி.

2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாழைத்தார் சுமக்கிறவருக்கு அரைநாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். இலவச மருந்துக்காகக் கூலியை இழக்கிறவருக்கு அது இலவசம் இல்லையே! 2024-இல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

அந்த மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய், சம்பளமாக அல்ல, ஊக்கத்தொகையாக. திட்டம் மலிவாக ஓடுவதன் ரகசியத்தில் இதுவும் ஒன்று. ஏழையின் வைத்தியச் செலவில் ஒரு பகுதியை இன்னொரு ஏழைப் பெண்ணின் உழைப்பில் கழிக்கிறோம். இதை எப்படி நியாயம் என்பது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டாகிக் கிடந்தபோது, தண்ணீர் வடிந்த வீடுகளில் கேட்ட புலம்பல்களில் ஒன்று, "மாத்திரையும் போச்சு, சீட்டும் போச்சுய்யா" என்பது. சீனிக்காரர் மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார்? சுகாதார நிலையத்தில் ஒரு மாத இருப்பும், எந்த நிலையத்திலும் எடுத்துப் பார்க்கும்படி மருந்துச் சீட்டின் பதிவும் இருந்தால் அந்தப் புலம்பலே எழாது. பட்ஜெட்டில் இது பெரிய தொகையும் ஆகாது. நிதி இறுகும் வருஷத்தில் மருந்து ஒதுக்கீட்டில் கை வைக்க மாட்டோம் என்று மட்டும் சட்டமன்றத்தில் யாராவது எழுந்து சொல்லட்டும். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, எனக்குக் கவலையில்லை.