"இன்னைக்கு எவ்வளவு, அண்ணாச்சி?"

காலையில் ரத வீதியைச் சுற்றி நடக்கும் எங்கள் கூட்டத்தில் முதல் விசாரிப்பே இப்போது இதுதான்: "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எவ்வளவு?" கேட்பது தங்கம் விலையை அல்ல, வெறும் வயிற்றுச் சர்க்கரையை. 130 என்றால் முகம் மலர்கிறது. 210 என்றால், "ராத்திரி ஊசியில ரெண்டு யூனிட் கூட்டிப் போடுங்க" என்று நின்ற இடத்திலேயே வைத்தியமும் நடக்கிறது. இது ஆபத்தான பழக்கம். பட்டவன் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆடித் தபசு அன்று காலை எனக்கு 210 காட்டியது. முந்தின இரவு உறவினர் வீட்டில் பத்து மணிக்கு மேல் புரோட்டா சாப்பிட்டதை மறந்துவிட்டேன். எண்ணை மட்டும் பார்த்து, சாயங்கால ஊசியை நானாகவே 4 யூனிட் கூட்டிப் போட்டேன். தபசுக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று கிளம்பினேன். கூட்டத்தில் நகர முடியவில்லை. உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, கண் இருட்டியது. பக்கத்தில் நின்ற ஒரு தம்பி டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்திராவிட்டால் என் கதி என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு மருத்துவர் என்னை ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்னைப்போல் காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறவர்களுக்கு அவர் சொன்ன கணக்கு எளிது. காலை வெறும் வயிற்று எண், முந்தின இரவு ஊசியின் கணக்கு. இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய எண், காலை ஊசியின் கணக்கு. சாயங்காலம் ஏறியிருப்பதற்கு ராத்திரி ஊசியைக் கூட்டினால், தூக்கத்தில்தான் அது இறங்கும்.

காலையில் எண் ஏற வேறு காரணங்களும் உண்டு. விடியற்காலையில் சுரக்கும் சில ஹார்மோன்களால் கல்லீரலே சர்க்கரையை இறக்கிவிடும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன தோலில் மருந்து சரியாக ஏறாது. நம்மூர் வெயிலில் கிடந்த மருந்துக்கு வீரியம் குறைந்துவிடும். இவற்றில் எது என்று ஒரு நாள் எண் சொல்லாது.

மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். அது அவசியம்தான். ஆனால் 60-க்கும் 240-க்கும் சராசரி 150. சராசரி அழகாக இருக்கும், ஆள் கீழே விழுந்து கிடப்பார்!

ஓய்வூதியக்காரனுக்கு ஸ்ட்ரிப் விலையும் ஒரு செலவுதான். அதனால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு முறை நேரத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன், செவ்வாய் மதியத்துக்கு முன், புதன் இரவுச் சாப்பாட்டுக்கு முன், வியாழன் படுக்கப் போகும் முன். மறுநாளிலிருந்து மறுபடியும் அதே சுற்று. பக்கத்திலேயே என்ன சாப்பிட்டேன், எத்தனை யூனிட், எத்தனை மணி என்று எழுதிவிடுவேன். இரண்டு மூன்று வாரத்தில் எந்த வேளையில் ஏறுகிறது, எந்த வேளையில் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். அளவை மாற்றுவது அந்த நோட்டைப் பார்க்கும் மருத்துவர்தான், நானல்ல.

டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் ஏமாற்றுவது டாக்டரை அல்ல.

நம் வயதில் சர்க்கரை ஏறுவதை விட, திடீரென்று இறங்குவதற்கு அதிகம் பயப்பட வேண்டும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நாளைக் காலை நடையில் என்னைப் பார்த்தால் "எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "நோட்டு எழுதுறீங்களா, அண்ணாச்சி?" என்று கேளுங்கள். சந்தோஷமாகப் பதில் சொல்வேன்.