மாட்டுப்பட்டி ஏரிக்குப் போன குற்றம்

போடிநாயக்கனூரில் நமக்கு நன்கு தெரிந்த தோழர் ஒருவரும் அவரது துணைவியாரும் சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, மூணாறுக்கு அப்பாலுள்ள மாட்டுப்பட்டி ஏரிக்குப் போய், பகலை அங்கே கழித்துவிட்டு இரவு வீடு திரும்பினார்கள். அவர்கள் செய்தது இவ்வளவுதான். ஆனால் அதற்காக அத்தெருவில் பத்து நாளாய் நடந்துவரும் பேச்சைக் கேட்டால், அவர்கள் யார் வீட்டிலோ கன்னம் வைத்துவிட்டு வந்தவர்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். “கூலிக்குப் போகிறவளுக்கு ஏரி என்ன கேடு?” என்கிறார் ஒருவர். “புருஷனும் பெண்ஜாதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டில் போனார்களாமே!” என்கிறார் இன்னொருவர். “போனதுதான் போனார்கள், ஏதாவது ஒரு கோவிலுக்காவது போயிருந்தால் புண்ணியமுண்டு” என்கிறார் மூன்றாமவர்.

இந்த மூன்றாமவரிடத்தில்தான் நமக்குக் கொஞ்சம் வேலையிருக்கிறது. இவர் சென்ற சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு மனைவியின் தோட்டை அடகு வைத்துப் போய்வந்தார். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய்க் காலில் புண்ணோடு வந்து, ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். அப்போது எவரும் இவரைக் கணக்குக் கேட்கவில்லை. கடன் வாங்கி மொட்டை போட்டால் பக்தி, கையிலிருந்த காசில் தண்ணீரைப் பார்த்தால் ஊதாரித்தனம் என்பது எந்த ஊர்க் கணக்கென்று நாம் கேட்கின்றோம். நமது தோழர்கள் கடன் வாங்கவுமில்லை. கூலி நாளை விடவுமில்லை.

அந்த அம்மையார் யார் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வருஷமாய் அவர் விடியுமுன்னே எழுந்து, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, ஆடுமாடுகளைப்போல் ஆட்களை அடைத்த ஜீப்பில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஏலக்காய் மரத்தில் நிமிர்ந்து நின்று பறிக்கும் காயல்ல. செடியின் தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்ப்பது. ஆகவே மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் இருந்து, பிஞ்சை விட்டு முற்றியதை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஜீப்போட்டி வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டத் தவறுவதில்லை. டயர் வழுக்கையாயிருப்பதைப்பற்றி மாத்திரம் அவருக்குக் கவலையில்லை.

அதே சாலையில் பூப்பாறையைத் தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம் போனால் அந்த ஏரி. ஊரார் கார்களெல்லாம் அந்த அம்மையாரின் ஜீப்பைத் தாண்டிக்கொண்டு தினந்தோறும் அங்கேதான் போயின. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் போனதில்லை. 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரையில் போயிற்று. தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் அது நல்ல காலம். காய் எடுத்தவருக்கு அப்போதும் அதே ஜீப், அதே மேடு, அதே இறக்கம்.

போன அன்று பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைத் தோழர் தம் துணைவியாருக்கு விட்டுக் கொடுத்தார். அவர் கடையில் காய் சலித்துத் தரம் பிரிக்கிறவர். மெட்டுக்கு மேலே அதிகம் போனதில்லை. ஆகவே அன்று அம்மையாரே வழிகாட்டி. “இதுதான் எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற இடம், இங்கேதான் அன்றைக்கு வண்டி நின்றுபோய் இரவு நடந்து வந்தோம்” என்று அவர் காட்டிக்கொண்டு வர, புருஷர் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பூப்பாறைக்கு மேலே எல்லாம் இருவருக்கும் புதிது. ஆனையிறங்கல் தண்ணீர் கீழே தெரிந்தபோது அதுதான் ஏரி என்று எண்ணி அம்மையார் இறங்கிவிடப் பார்த்தாராம்.

மாட்டுப்பட்டியில் கூட்டம் சொல்லி முடியாது. காரும் வேனும் ஒன்றன்பின் ஒன்றாய் நின்று சாலையே அடைபட்டிருந்தது. சோளக்கதிர் சுடுகிறவர், காரட் விற்கிறவர், படகுச் சீட்டுக்கு வரிசை, வரிசையில் சண்டை. ஆயினும் அணைக்கு ஓரமாய் வந்து நின்றபோது இவ்வளவும் மறந்துபோயிற்று என்கிறார் அம்மையார். மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தேயிலை, நடுவே அசையாத தண்ணீர், அதன்மேல் பனிமூட்டம் இறங்குவதும் விலகுவதுமாயிருந்ததாம். மலையில் பாதி ஆயுளைக் கழித்தவர், மலையை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான்.

பக்கத்தில் ஒரு மூதாட்டி தண்ணீரில் காசைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா, இது சாமி தோண்டின சுனையில்லை, கரெண்டுக்காக மனுஷர் கட்டின அணை” என்றாராம் நமது அம்மையார். பள்ளிவாசல் மின்சார நிலையத்துக்கு நீர் தேக்க 1953-ல் கட்டி முடித்த அணை அது. கும்பிடத்தான் வேண்டுமென்றால் கல்லும் மண்ணும் சுமந்தவர்களைக் கும்பிடட்டும். அவர்களோ கும்பிடச் சொல்லிக் கேட்டவர்களல்லர், கூலியைத்தான் கேட்டிருப்பார்கள்.

நிற்க, காரில் வந்திறங்கிய ஒரு கனவான் “முன்னெல்லாம் எவ்வளவு அமைதியாயிருந்தது! இப்போது கண்டவர்களும் வந்து கெடுத்துவிட்டார்கள்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். முன்னே யாருக்கு அமைதி? கொடைக்கானல் ஏரி, மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரையால் 1863-ல் உண்டாக்கப்பட்டபோது அது வெள்ளைக்காரர் உலாவும் இடம். நம்மவர் அங்கே போனதெல்லாம் மூட்டை தூக்கவும் சமைத்துப் போடவுமே. இம்மூணாற்று மலையில் விளைந்த தேயிலைகூட ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. பெட்டிக்குக் கம்பிவடம், அதை நிரப்பின ஆளுக்குக் கால்நடை. ஏழை ஜனங்கள் வேலைக்கன்றிப் பார்க்கவும் மலைக்கு வருகிறார்கள் என்பதே அந்தக் கனவானுக்கு உறுத்துகிறதென்றால், உறுத்தட்டும்.

கூட்டத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்றால், வேண்டியதுதான். கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்திருக்கிறது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை என்று விட்டிருப்பதே சரியான முறை. ஐம்பது பேரைக் கொண்டுவரும் பஸ்ஸா சாலையை அடைக்கிறது? தண்ணீரில் பாட்டிலையும் காகிதத் தட்டையும் எறிகிறவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கப்போவதில்லை. கார்க்காரரும் எறிகிறார், பஸ்காரரும் எறிகிறார். அதில் மாத்திரம் ஜாதி வித்தியாசம் இல்லை.

நமது பெரிய ஆக்ஷேபணை வேறு. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே அம்மையார் கழிப்பிடத்துக்காக முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தது. ஆண்களுக்குச் சாலையோரம் முழுவதும் கழிப்பிடமாயிருந்தது. திரும்பி வரும்வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர் அப்போது முடிவு செய்துகொண்டாராம். ஏரியைப் பார்க்க வந்தவர் தாகத்தோடு திரும்புவதென்றால், அந்த இடம் யாரை மனதில் வைத்து ஏற்படுத்தப்பட்டது?

2015 செப்டம்பரில் இதே மூணாற்றில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடாமல் தாங்களே நடத்தி வெற்றி பெற்றார்கள். சாலையை மறித்து உல்லாசப் பிரயாணிகளின் கார்கள் நின்ற பிறகுதான், அந்தப் பச்சைச் சரிவுகள் தானாக அவ்வளவு அழகாய் இருக்கவில்லை, யாரோ கிள்ளிக் கிள்ளி அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்கு விளங்கியிருக்கும்.

தெருப் பேச்சால் அம்மையார் சோர்ந்துவிட்டாரோ என்று நாம் போய் விசாரித்தோம். அவர் சிரிக்கிறார். மறுநாள் ஜீப்பில் மெட்டு ஏறி முடியும் வரையில், கூட இருந்த பெண்கள் ஏரியைப்பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்களாம். இப்போது அவர்கள் வாரந்தோறும் சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள், காய் எடுப்பு ஓய்ந்ததும் ஒரு வேன் பிடித்துப் போவதற்கு. அன்றைக்கு வீட்டில் யார் சமைப்பது என்று சில புருஷர்கள் கேட்டிருக்கிறார்கள். சமைக்கிற முறையைச் சொல்லித் தருவதாகப் பதில் போயிருக்கிறது. அடகில் தோடு வைத்த அந்த மூன்றாமவரின் மனைவியும் முதல் வாரப் பணத்தைக் கட்டிவிட்டார்.