பூட்டில்லாத புத்தக அலமாரி

புத்தகம் வாங்கக் காசில்லை, படிக்க நேரமுமில்லை என்று ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் தோழர்கள் சொல்லக் கேட்கிறோம். நேரமில்லை என்பது நிஜம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியதையும், தொழிலாளர் கொதித்தெழுந்த பிறகு மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. அந்தப் போராட்டம் தொடரும். ஆனால் காசில்லை என்ற பேச்சு இனிச் செல்லாது.

சட்டைப் பையிலுள்ள செல்போனில் ஒரு நூலகமே திறந்து கிடக்கிறது. சினிமாத் துணுக்கு பார்க்கட்டும், குற்றமில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் குறை.

பல நாடுகளில் வாழும் தமிழர்கள் 1998-ல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கூலி வாங்காமல் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, திருக்குறள் முதல் பாரதி பாடல்கள் வரை இணையத்தில் ஏற்றினார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ‘நூலகம்’ என்ற தளம். மார்க்சியம் படிக்க மார்க்சிஸ்ட் இணையக் காப்பகம். அதில் தமிழ்ப் பகுதியும் உண்டு.

இதெல்லாம் யாரோ போட்ட பிச்சையா? இல்லை! பாரதி பாடல்களின் உரிமை சினிமா முதலாளியின் கையில் இருந்த காலமும் உண்டு. ஜனங்கள் குரல் எழுப்பினார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் பாரதி எழுத்துக்களின் உரிமையை எடுத்துக்கொண்டது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் எழுத்து பொதுச்சொத்து என்பது இன்றைய இந்தியச் சட்டம். சிங்காரவேலர் மறைந்தது 1946-ல். அவர் வாழ்நாளில் அச்சேறிய எழுத்துக்கு இனி எவனும் வேலி போட முடியாது. மொழிபெயர்ப்புக்குக் கணக்கு வேறு. கார்க்கி 1936-ல் மறைந்துவிட்டாலும், அவரைத் தமிழாக்கியவரின் உரிமை தனி.

வேலி எங்கிருந்தும் வரும். 2014-ல் லண்டனிலுள்ள லாரன்ஸ் அண்டு விஷார்ட் பதிப்பகம், மார்க்ஸ்–எங்கெல்ஸ் ஆங்கிலத் தொகுப்பிலிருந்து ஏற்றியவற்றை ஏப்ரல் முடிவதற்குள் நீக்கச் சொல்லி இணையக் காப்பகத்துக்கு எழுதியது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் பதிப்பகம் அது! சின்னப் பதிப்பகத்தின் பணக்கஷ்டம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் மார்க்ஸுக்கே பூட்டா? உலகெங்கும் கண்டனம் எழுந்தும் அந்தப் பக்கங்கள் நீக்கப்பட்டன.

இன்னொரு எச்சரிக்கை. இலவசப் புத்தகம் என்று வாங்கு எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்கிறவன் திருடன். வாட்ஸ்அப்பில் சுற்றும் புதுப் புத்தகத்தின் திருட்டுப் பிரதியும் வேண்டாம். எழுத்தாளனும் அச்சகத் தொழிலாளியும் உழைத்துப் பிழைப்பவர்களே.

தட்டச்சு செய்த நூல் நொடியில் இறங்கிவிடும். பக்கங்களைப் படம் பிடித்துப் போட்ட நூல் டேட்டாவைத் தின்னும். சங்க ஆபீஸில் வைஃபை இருந்தால் அங்கே இறக்கி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தோழர் கூச்சப்பட வேண்டாம். ஒருவர் உரக்க வாசித்தால் பத்துப் பேர் கேட்கலாம்.

எதில் தொடங்குவது என்கிறீர்களா? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை எடுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் கதை. நீளமானது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும்.